அமுலு வாசித்த பெக்கு

லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீராம்புரம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் எஸ்தர் டீச்சருக்குக் கால் ஓய்ந்துவிடும். தமிழ், தெலுங்கு, உருது பேசும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்து வருடமாகக் கன்னட எழுத்து சொல்லிக்கொடுத்துவந்தார். 1996இல் ஒருநாள், அந்த வகுப்பில் படித்த அமுலு கரும்பலகையில் இருந்த கன்னடச் சொல்லைப் பார்த்து "பெக்கு" என்று தப்பில்லாமல் வாசித்தாள்.

"பெக்குன்னா என்னம்மா?"

"தெரியல மிஸ். அப்படித்தான் படிக்கணும்."

"பூனைடீ. உங்க வீட்ல இல்லையா?"

"இருக்குது மிஸ்! அதுவா இது?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள் இப்படிப் பொருள் தெரியாமலே வாசித்துவிட்டுப் போனார்களோ? பிறகு எழுந்து, பலகையில் ஒரு பூனை வரைந்தார்.

"இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு?"

தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் வகுப்பே கத்தியது. அன்று முழுக்க அந்த ஒரு சொல்தான் நடந்தது. பரீட்சைக்குள் முடிக்க இன்னும் பதினான்கு பாடங்கள் இருந்தன.