கரடி வடிவத்தில் இருந்தால் சாப்பாடு

காஸாவில், அதுதான் கடையில் காசு வாங்கும் மேசையில், இருப்பவளுக்கு இரண்டு கை போதும், முகம்தான் நாலைந்து வேண்டும். ஜெர்மனியில் ஹம் நகரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பன்னிரண்டு வருடமாகச் சாமான்களுக்கு விலை அடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் இந்தக் கதிரையில் இருந்து இடுப்பு நோவெடுத்தவர் என்றால், மீதி உங்களுக்கே தெரியும்.

எது சாப்பாடு?

அரச உதவிப்பணம் பிந்தினால் சிலருக்கு அலுவலகத்தில் காசுக்குப் பதிலாக ஒரு குட்ஷைன் தாள் கொடுப்பார்கள். அந்தத் தாளுக்குச் சாப்பாட்டுச் சாமான் மட்டும் வாங்கலாம். பியரும் சிகரெட்டும் கூடாது என்பது எல்லோருக்கும் விளங்கும். விற்றமின் குளிசைதான் சிக்கல். ஒரு ஜெர்மன் கிழவர் கோலா, நாலு சொக்லேட், ஒரு விற்றமின் பெட்டி கொண்டுவந்தார். மனேஜரைக் கூப்பிட்டேன். கோலாவையும் சொக்லேட்டையும் விட்டுவிட்டுக் குளிசையை மட்டும் எடுத்து வைத்தார். கடித்துத் தின்பதுதான் சாப்பாடு, விழுங்குவது மருந்து என்பது அவருடைய தீர்ப்பு. கிழவர் அமைதியாகச் சொன்னார்: "அப்படியென்றால் கோலாவை அவர் கடித்துக் காட்டட்டும்."

கரடிகள்

மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி அதே விற்றமினை ஜெலிக் கரடிகளாகக் கொண்டுவந்தாள். அவை இனிப்பு அடுக்கில் இருக்கிறபடியால் மெஷின் மூச்சுக் காட்டவில்லை. மனேஜரும் இனிப்பு என்றால் சரி என்றுவிட்டார். பக்கத்துக் காஸாவில் இருந்த பெத்ரா எட்டிப் பார்த்தாள். "எங்கள் கடையில் உடம்பு தேற வேண்டுமென்றால் முதலில் பல் கெட வேண்டும்."

என் வரிசையில் நிற்காதவர்கள்

கையில் காசு இருக்கும்போது எங்கள் தமிழ்ச்சனம் என்னிடம்தான் வரும், ஊர்க்கதை பேசும். குட்ஷைன் இருக்கும் நாளில் என் காஸா காலியாகக் கிடந்தாலும் பெத்ராவின் நீண்ட வரிசையில் போய் நிற்கும். குறை சொல்ல மாட்டேன், நானும் அங்கேதான் நின்றிருப்பேன். ஒரு அண்ணை என்னைக் கண்டதும் கழிவறைத் தாள் அடுக்குக்குப் பின்னால் பதுங்கினார். மறுநாள் கோயிலில் கண்டபோது, நான் கேட்காமலே சொன்னார்: "நேற்று நான் ஹம்மிலேயே இல்லைப் பிள்ளை."

மூன்றாம் காஸாவுக்கு வரவும்

கோயிலில் பூக்கட்டும் ரதி அக்காவும் பெத்ராவிடம்தான் போனார். அரிசி, பருப்பு, முட்டையோடு ஒரு இரும்புச்சத்துக் குளிசைப் பெட்டி. குளிசை முடியாது என்று பெத்ரா சொன்னது அவருக்கு விளங்கவில்லை. பெத்ரா நல்ல மனத்தோடு ஒலிபெருக்கியை எடுத்து, தமிழ் பேசுகிற என்னை உதவிக்கு வரும்படி கடை முழுக்க அறிவித்தாள்.

என்னைக் கண்டதும் அக்காவின் முகம் செத்துப்போயிற்று. குளிசை தனக்கில்லை, அயல்வீட்டு ஜெர்மன் மனுசிக்கு என்றார். அந்த மனுசிக்குக் கர்ப்பப்பையில் கட்டியாம். இரத்தத்தில் இரும்பு காணாதென்று ஒப்பரேசன் இரண்டு தரம் தள்ளிப்போய்விட்டதாம். இந்தமுறையும் ஏறாவிட்டால் திரும்பவும் தள்ளுவார்களாம். சொல்லும்போது அவருடைய கை தன் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

குட்ஷைனில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் கிடந்தது. வாசிக்காதவள் போலத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். இரும்புச்சத்து சேர்த்த பழச்சாறு இருக்கிறது, அது தடையில்லாமல் போகும் என்று ஆறு போத்தல் எடுத்துக் கொடுத்தேன். டொக்டரிடமும் ஒருக்கால் கேட்கும்படி அந்த மனுசிக்குச் சொல்லச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா நேராக என் வரிசைக்கு வந்தார். மெலிந்திருந்தார், மெதுவாக நடந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கரட்டை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த மனுசிக்கு ஒப்பரேசன் சுகமா முடிஞ்சுது தங்கச்சி. உமக்கு நன்றி சொல்லச் சொன்னவ."

பன்னிரண்டு வருடம் காஸாவில் இருந்து நான் கண்டது இவ்வளவுதான்: ஹம் நகரத் தமிழர் எல்லோரும் நல்ல சுகம், அவர்களுடைய அயலவர்கள்தான் பாவம்.