முதலில் சொல்ல வேண்டியது

அம்மா ஊதாங்குழலை என் கையில் தந்த காலை இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அடுப்படியில் குந்தி ஒருமுறை ஊதினாள், இருமினாள், தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீயே ஊதும்மா, எனக்குக் காத்துப் பத்தல" என்றாள். அப்போது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் இருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளான லயத்தில், காம்பராவுக்கும் காம்பராவுக்கும், அதாவது அறைக்கும் அறைக்கும், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அம்மா மூச்சு இழுக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும். அவர்கள் அதைக் கேட்காத மாதிரியே இருந்தார்கள். அது அவர்கள் எங்களுக்குக் காட்டிய மரியாதை.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், சொல்ல எனக்கு மனமில்லை. அம்மா கொழுந்து பறிப்பவள் இல்லை, ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதில் தூள் சலிக்கும் அறையில்தான் அவளைப் போட்டிருந்தார்கள். இயந்திரம் ஆட ஆடத் தேயிலையின் பஞ்சு பறந்து புருவம், காது, மூக்குத் துவாரம் எல்லாவற்றிலும் ஒட்டும். முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு பழைய புடவைத் துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. கடையில் வாங்கிய தேநீரின் வாசனையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். ஆகவே அம்மாவின் பெயர் தோட்டத்தில் பதிவில் இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா எங்களுக்கு. இதுவும் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கம், இடம்பெயர்ந்து வந்து பதுளையில் தங்கியிருந்தார், முப்பது வயது இருக்கலாம். பெண்களின் முன்னேற்றத்துக்காக வேலை செய்த ஓர் அமைப்பு அவரை அனுப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டிடத்தில், மூச்சுப் பயிற்சி நடக்கும் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அறிவித்தார்கள். மூச்சுப் பயிற்சி என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை. விளக்கம் தேவை என்று யாருக்கும் தோன்றவுமில்லை. இளைப்புக்கு மருந்து வருகிறது என்றே லயம் முழுக்க எடுத்துக்கொண்டது.

அந்த ஞாயிறு அங்கே கூடிய கூட்டத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. மார்புச் சளி கட்டிய பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் வந்திருந்தார்கள். ஸ்டோரில் வேலை செய்து ஓய்ந்த ஆண்கள் பெண்களுக்கான வகுப்பு என்பதையும் பாராமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் அழகாக எழுதிய அட்டைகளைக் கொண்டு வந்திருந்தார். கண்களை மூடி மனப் பாரத்தை மூச்சோடு வெளியே விடுவது, கைகளை விரித்து "நான் பெறுமதியானவள்" என்று உரக்கச் சொல்வது, இப்படி. முதல் அட்டையைத் தூக்கியதும் அறை முழுக்க இருமல் கிளம்பியது. அவர் அட்டையை மெல்ல இறக்கிவிட்டார். "எனக்கு வைத்தியம் தெரியாது அம்மாமார். நான் மனசைத் திறந்து கதைக்கிறதுக்குத்தான் மூச்சுப் பழக்க வந்தனான்" என்றார். யாரும் எழுந்து போகவில்லை. "பரவாயில்லைங்க மிஸ், தெரிஞ்சத சொல்லிக் குடுங்க" என்றாள் அம்மா, மூன்று தடவை நிறுத்தி.

மிஸ் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் ஆடும் ஆனால் அணையாத அளவுக்கு மெல்ல ஊதி மூச்சை வெளியே விடச் சொன்னார். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முதலில் முழுதாக வெளியே விடுங்கள் என்றார். அம்மாவுக்கு அது கொஞ்சம் சுகம் தந்தது. அடுத்த கிழமை அம்மாவை அவரே பதுளைக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் உறிஞ்சும் மருந்து கொடுத்தார். ஆனால் அந்தத் தூசிக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் பலிக்காது, வேலையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள் என்றும் சொன்னார்.

கேட்பது யாரிடம்? பெரிய தொரையிடம், தோட்ட நிருவாகியிடம். மிஸ் போய்க் கேட்க முடியாது. வெளியாள் தொழிலாளர் விஷயத்தில் வாய் வைத்தால் மறுநாளே பிள்ளைக் காம்பராவுக்குப் பூட்டு விழும். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரோ "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அம்மாவே போய்ச் சொல்ல வேண்டும். சொல்வதற்குத்தான் அவளிடம் மூச்சு இல்லை.

பிள்ளைக் காம்பராவில் ஒத்திகை நடந்தது. நான்தான் தொரை, குழந்தைகளின் குட்டை நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆரம்பித்தாள். "சலாமுங்க தொரை. ஒங்க புண்ணியத்துல புள்ளகுட்டியோட நல்லா இருக்கோமுங்க. நீங்க வந்தப்பறந்தான் தோட்டம்..." அவ்வளவில் மூச்சு அறுந்தது. தொரை முன்னால் நின்று பேசும் முறை அதுதான். சலாம், பிறகு அவர் புகழ், பிறகு நம் சிறுமை, கடைசியில்தான் கேட்க வந்தது. நெஞ்சில் மூச்சுள்ளவர்களுக்கு ஏற்பட்ட முறை. அம்மா ஒருநாளும் கடைசிக்குப் போய்ச் சேரவில்லை.

"அம்மா, நீங்கள் கேக்க வந்ததை முதல்லே சொல்லுங்கோ. சலாமை மூச்சு மிஞ்சினால் பிறகு சொல்லலாம்" என்றார் மிஸ். அம்மா பயந்துபோனாள். "எடுத்த ஒடனே கேட்டா திமிருன்னு நெனப்பாங்க மிஸ்." "நினைக்கட்டும்." மிஸ்ஸின் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். பல நாள் பழகினார்கள். உதட்டைக் குவித்து முழுதாக விட்டு, ஓர் இழுப்பு, ஒரு வாக்கியம்: "என்னைய அந்த ரூம்ல இருந்து மாத்துங்க தொரை, மூச்சு முட்டுது." அது தடங்கலில்லாமல் வந்த அன்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே நின்றோம். மேலே போக எங்களுக்கு அனுமதி கிடையாது. தொரை ஜன்னலுக்கு வந்து "என்னா?" என்றார். அம்மா சலாம் வைக்கவில்லை. மூச்சை விட்டாள், இழுத்தாள், சொன்னாள். ஒரு சொல்கூட விழவில்லை. தொரை கோபப்படவில்லை. பிறகு என்னைக் காட்டி, "இது ஒன் மகள்தானே? பெரிசாயிட்டா. நீ வேலைய விட்டு நின்னுக்க. அதே எடத்துல அவ பேர பதி. வீட்டுக்கும் கரைச்சல் இல்ல, காம்பரா ஒங்களுக்கே" என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். தோட்டத்தில் வழக்கமே அதுதான், தாய் நின்றால் அந்த இடத்துக்கு மகள்.

இதற்கு என்ன பதில் சொல்வதென்று நாங்கள் பழகவில்லை. பழகிய ஒரு வாக்கியத்தோடு அம்மாவின் மூச்சு முடிந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே சுவரில் கையூன்றிக் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினாள். தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "வேணாங்க. நானே போறேன்" என்றாள். முதலில் சொன்னதைவிடத் தெளிவாக வந்தது. அங்கிருந்து நேராக ஸ்டோருக்குப் போய், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிறன்று மிஸ்ஸிடம் பெருமையாகத்தான் சொன்னாள். "நீங்க சொன்ன மாதிரியே மொதல்லயே கேட்டுட்டேன் மிஸ். மூச்சு நடுவுல அறுந்துபோகல." "அவர் என்ன சொன்னவர்?" "மாத்த மாட்டாங்களாம். ஆனா அறுந்துபோகல மிஸ்." மிஸ் எழுந்து வெளியே போனார். தொட்டில் சீலைகள் காயும் கொடியருகில், முகத்தை எங்களுக்குக் காட்டாமல் வெகுநேரம் நின்றார். அதன்பின் சில ஞாயிறுகள் வந்தார், பிறகு அந்த அமைப்பு அவரை வேறெங்கோ மாற்றிவிட்டது.

நான் உயர்தரம் எழுதும்வரை அம்மா அந்த அறையில்தான் வேலை செய்தாள். பெறுபேறு வருவதற்கு முன்பு போய்விட்டாள். கருமாதி முடிந்ததும் என்னை அதே ஜன்னலுக்குக் கீழே கூப்பிட்டார்கள். பேர் பதிகிறாயா என்று கேட்டார்கள். "பதியமாட்டேன்" என்றேன். சலாமும் வைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அந்த மாதத்தோடு காம்பராவைக் காலி செய்துகொடுத்தேன். அடுப்புக் கல்லைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது பதுளை நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஹோட்டல் மண்டபமொன்றில் எங்களை உட்காரவைத்து, வாழ்க்கைப் பயிற்றுநர் என்று ஒருவரைக் கொழும்பிலிருந்து வரவழைக்கிறார்கள். ஆழமாக மூச்சை இழுங்கள், உங்களை வெளிப்படுத்துங்கள் என்கிறார். மண்டபத்தில் குளிரூட்டி ஓடுகிறது, காற்று சுத்தமாக இருக்கிறது, எல்லாரும் தாராளமாக இழுக்கிறார்கள். போன தடவை, எழுந்து பேசிய என்னைப் பார்த்து அந்தப் பயிற்றுநர் கைதட்டினார். சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே சொல்கிறீர்கள், யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டார். அம்மாவிடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை.