மதகில் ஆள் இல்லாத ஒப்பந்தம்

உப்பு வாரிக்கொண்டிருந்த எங்களிடம் ராசமலர் டீச்சருடைய தம்பி வந்து, அக்கா இறந்துவிட்டார் என்று சொன்னார். திருகோணமலைப் பக்கத்தில் அவர்களுடைய ஊரில் ஷெல் விழுந்ததாம். வாருபலகையைப் பிடித்தபடி எல்லோரும் அப்படியே நின்றோம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர் இலங்கையிலிருந்து படகில் வந்து, மரக்காணத்துக்குத் தெற்கே அகதி முகாமில் இருந்தவர். பகலில் எங்களோடு உப்பளத்தில் வேலை செய்தார். வேலை முடிந்ததும் உப்புக் கொட்டகையில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்த வயதில் நான் இதை என் கையால் எழுதுகிறேன் என்றால் அவரால்தான். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் நானே படித்துப் பார்க்கிறேன். துக்கத்திலும் சந்தோஷம் வருகிறது. டீச்சர் கோபிக்கமாட்டார்.

முகாமில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதனாலோ என்னவோ, வகுப்பில் அவர் ஒரு நாளும் பெயர் கூப்பிட்டதில்லை. "வந்தாக்கள் இருங்கோ, வராதாக்கள் நாளைக்கு வருவினம்" என்பார். உடனே என் கூட்டாளி பெருமாள், "அப்போ நான் இன்னைக்கு வராத ஆளுங்க டீச்சர்" என்று டீ குடிக்கக் கிளம்புவான்.

அவருடைய தாயார் ஊரில் தனியாக இருந்தார். அங்கே சண்டை நிறுத்த ஒப்பந்தம் நடப்பில் இருந்ததால், சுனாமிக்கு அடுத்த வருஷம் டீச்சர் திரும்பிப் போக நினைத்தார். ஆனால் தாமாக விரும்பிப் போகிறவர்களின் பெயரை முகாமில் அடித்துவிடுவார்கள். மறுபடி சண்டை வந்தால் மறுபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி, முதலிலிருந்து அகதியாக வேண்டும்.

"ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டுட்டாங்களா டீச்சர்?" என்று பெருமாள் கேட்டான்.

"போட்டாச்சு."

"செரி, மதகுல யாரு ஒக்காந்திருக்காங்க?"

எங்கள் வழக்கம் அது. உப்பளத்துக்குப் பாயும் உப்பங்கழித் தண்ணீருக்காகச் சண்டை போட்டுச் சமாதானமானால், தரப்புக்கு ஒருவர் மதகில் உட்கார வேண்டும். இருவரும் சேர்ந்துதான் மதகுப் பலகையைத் தூக்கலாம். வாய்ப்பேச்சை நம்பி யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

டீச்சர் சிரித்தார். "வெளிநாட்டாக்கள் வந்து பாத்து எழுதிக்கொண்டு போகினம்."

"எழுதினா பலகை நிக்குமா?"

அவர் சிரிப்பு நின்றது. "எனக்கும் பயம்தான். ஆனா இதையும் நம்பாட்டி, நான் அம்மாவை எப்ப பாக்கிறது?"

அனுமதி வர மாதக்கணக்கானது. இந்த வருஷத் தொடக்கத்தில்தான் புறப்பட்டார். ஆடியில், அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு மதகை அடைத்ததிலிருந்து பெரிய சண்டை மூண்டது. பெருமாள் 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. முகாமிலேயே தங்கிவிட்ட தம்பி, திரும்பி வரச் சொல்லி போனில் அழுதுகொண்டே கூப்பிட்டாராம். "அம்மாவால நடக்க ஏலாது. விட்டிட்டு வரமாட்டன்" என்றாராம் டீச்சர். அதுதான் கடைசிப் பேச்சு.

சாவுச் செய்தி வந்த மறுநாள் டீக்கடையில் பேப்பரை எடுத்தேன். குண்டு விழுந்த செய்திக்குக் கீழேயே, ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருப்பதாகப் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பெருமாளிடம் கொடுத்தேன். அவன் விரலை வைத்து மெதுவாகப் படித்தான். அவனுக்கும் அப்படியேதான் வந்தது.

நீங்கள் எங்களுக்குச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், டீச்சர். போய் வாருங்கள்.