துப்பட்டியில் ஏறிய கோபம்

மேலப்பாளையத்தில் ஹமீது பீவியின் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு நிக்காஹ் என்றாலும், மணப்பெண் தலையில் போடும் வெள்ளைத் துப்பட்டிக்கு ஓரம் ஹமீது பீவி தன் கையால் பின்னிய லேஸ்தான். காசைக் காட்டி யாரும் வாங்கிவிட முடியாது. கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அவளாக மனசு வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. தலைக்கனமா என்றால், ஆமாம், தலைக்கனம்தான். அந்த வேலையைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

தம்பி மகள் நிலோஃபரை அம்பாசமுத்திரத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே நூல்கண்டை எடுத்துவிட்டாள். மல்லிகை மொட்டு வரிசை. மருமகளை நினைத்தாலே கை தன்னால் ஓடியது. பாதி ஓரம் வந்திருக்கும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கல்யாணத் தேதி வந்து விழுந்தது. துபாயில் இருக்கிற பொடிசுகள் எல்லாம் வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகுதான் இவள் பார்க்கிறாள். பெண்ணைப் பெற்றவளுக்கு அடுத்தபடி நிற்கிற, வாப்பாவோடு பிறந்த மாமிக்கு ஒரு வார்த்தை இல்லை! அடுத்த தெருவில்தானே வீடு. தம்பி பெண்டாட்டி ஷரீபா பீவிக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

மாப்பிள்ளைக்கு லீவு கொஞ்சநாள்தான், அவசரத்தில் குறித்தோம் என்று தம்பி வந்து கெஞ்சினான். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. ஆனாலும் லேஸை நிறுத்தவில்லை. பிள்ளை என்ன பாவம் செய்தது?

முடித்துத் துப்பட்டியில் தைத்து விரித்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு பாதி பூப்போலப் படிந்து கிடக்கிறது. மறுபாதி துணியையே சுருட்டி இழுக்கிறது. கோபத்தில் நூலை இறுக்கி இறுக்கிப் பின்னியிருக்கிறாள், அவளுக்கே தெரியவில்லை. நிக்காஹுக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்னால் இது நிலோஃபர் தலையில் ஏறினால், ஹமீது பீவிக்குக் கை போச்சு என்று ஊரே பேசும்.

அன்று சாயங்காலமே ஷரீபா துப்பட்டியைக் கேட்டு வந்து நின்றாள். ஒளித்துவைக்க நேரமில்லை. ஷரீபா ஓரத்தை விரலால் பையத் தடவிக்கொண்டே போனாள். இறுக்கம் தொடங்குகிற கண்ணியில் விரல் நின்றது.

"இங்கன வரும்போதுதான் வாட்ஸ்அப் பாத்தியளோ, மைனி?"

ஹமீது பீவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தப்பு தன்மேல்தான், முதலில் இங்கே ஓடி வந்திருக்கணும் என்று ஷரீபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஹமீது பீவி தையலைப் பிரித்தாள், இறுகிய பாதியை உருவித் தள்ளினாள். பாதிச் சண்டையோடு ஒரு சாமான் என் கையைவிட்டுப் போகாதுட்டீ என்றாள். உருவிய நூலை ஷரீபா உட்கார்ந்து உருட்டிக் கொடுத்தாள். அந்த நாலைந்து நாளும் ஷரீபா வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது தம்பிதான்.

நிக்காஹ் அன்று துப்பட்டி ஒரு சுருக்கமில்லாமல் நிலோஃபர் தோளில் இறங்கியது. மாப்பிள்ளையின் உம்மா ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு சீக்கிரத்தில் எப்படி முடித்தீர்கள் என்று கேட்டாள். ஹமீது பீவி வாயைத் திறப்பதற்குள் ஷரீபா முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுல மைனிகிட்ட கேட்டுட்டுத்தான் தேதியே குறிப்போம். லேஸ் முடிஞ்சாத்தானே கல்யாணம்!"

பச்சைப் பொய். ஹமீது பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமா" என்றாள்.