வெறுங்காலில் தள்ளிய ஆட்டோ

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, வீட்டைக் கழுவுகிறேன் பேர்வழி என்று பீரோவைத் தள்ளினேன். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். பீரோ இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் பின்னால் போய்ச் சுவரில் முட்டினேன். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்க பீரோவத் தள்ளுனா அதுவும் உங்களத் தள்ளும்ப்பா. காலு தரையப் பிடிச்சு நின்னாதான் அது நகரும்."

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் இந்தப் பாடம் எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

உள்ளங்காலில் அந்த வழுக்கல் பட்டதுமே நாங்கள் அப்போது குடியிருந்த லிங்கராஜபுரத்துச் செம்மண் வாசனை வந்துவிட்டது. தொண்ணூற்று நாலு, செப்டம்பர் மழை. மாதா திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாளும் செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டியிருந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு முதல் பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டுமே! ஏழாம் நாள் மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. ஏறிய ஆட்டோவோ எங்கள் தெரு மேட்டில், சேற்றில் நின்றுபோனது. டிரைவர் பாஷா பாய் இறங்கி, பக்கத்தில் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஹேண்டில் பிடிக்கத் தெரியாது, அதனால் நான் பின்னாலிருந்து தள்ளினேன். வண்டி அசையவில்லை, என் கால்தான் சர்ரென்று பின்னால் போனது. இரண்டு முறை முகம் குப்புற விழுந்தேன்.

"அண்ணா, வெறுங்காலு நிக்காது. என் பூட்ஸ மாட்டிக்கோ."

"வேண்டுதல் பாய்."

"அரே, உள்ள அக்கா கத்துறாங்க, நீ வேண்டுதல்ங்கிற!"

"மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன், போட்டுத் தொலைங்க!" என்று உள்ளிருந்து ஸ்டெல்லா அலறினாள்.

நான் போடவில்லை. ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே மறுபடி தள்ளினேன், மறுபடி விழுந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். கடைசியில் அழுதுகொண்டே பூட்ஸை மாட்டினேன். ஒரே மூச்சில் வண்டி மேடேறிவிட்டது.

"கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். பையன். அழவேயில்லை. இந்த மகள் அதற்கு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள்.

மாதா மேல் எனக்கு வருத்தமில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை, நானாகக் கழற்றியது.

அந்த மேட்டில் இப்போது சிமெண்ட் போட்டுவிட்டார்கள். பாஷா பாய் எங்கே போனாரோ. ஸ்டெல்லா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிக் கடைசிவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒருமுறை திட்டித் தீர்த்திருக்கலாம். திட்ட இப்போது ஆளில்லை.