இருபத்தொன்பதாம் லுடோல்ஃப்

ஃபால்கன்ரோடே அரச குடும்பத்தில் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயர்தான்: லுடோல்ஃப். எண் மட்டும் மாறும். இளவரசர், கோமகன், மூன்று கோட்டைகளின் பிரபு என்று பட்டம் அனுமார் வாலாய் நீளும். நாட்டை அரை நாளில் நடந்தே கடந்துவிடலாம்!

கல்தச்சன் குன்ட்ஸுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. ஞானஸ்நானம் ஆனதும் பிள்ளையின் எண்ணைக் குடும்பக் கல்லறையில் அவனுக்கென்று ஒதுக்கிய மாடத்தில் வெட்ட வேண்டும். ஒருமுறை அவசரக்குடுக்கை, மாலை ஞானஸ்நானத்துக்குக் காலையிலேயே இருபத்தொன்பதை வெட்டிவிட்டான். மதியம் குழந்தை செத்துப்போனது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு எண்ணும் இல்லை, பட்டமும் இல்லை. மதிலுக்கு வெளியே புதைத்தார்கள்.

"அந்த எண்ணைச் செதுக்கி எடுத்துடு. அடுத்த பையனுக்கு வேணும்," என்றார் அரண்மனை அதிகாரி.

செதுக்கினான். மறுநாள் எண் அங்கேயே இருந்தது. மூன்று முறை செதுக்கியும் கல்தான் குழிந்தது, எண் போகவில்லை. பயத்தில் குன்ட்ஸ் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுவருஷம் அடுத்தவன் பிறந்தான். பால் கொடுக்கப் போனவள் குன்ட்ஸின் மனைவி வால்புர்கா. தன் பிள்ளையை அப்போதுதான் பறிகொடுத்திருந்தாள் பாவம். இவன்மேல் உயிரையே வைத்துவிட்டாள். ஆனால் யாராவது "இருபத்தொன்பதாம் லுடோல்ஃப்" என்று கொஞ்சினால் போதும், குழந்தை நீலம் பாரித்து மூச்சடைக்கும்.

குன்ட்ஸ் அப்போதுதான் மனைவியிடம் கல்லின் கதையைச் சொன்னான்.

"செத்துப்போன மூத்தவன் தன் எண்ணை விடமாட்டேங்கிறான்ங்க," என்றாள் அவள். "இவனும் போயிட்டா நான் தாங்க மாட்டேன். போய்ச் சொல்லுங்க!"

போய்ச் சொன்னான். "வம்சாவளியில ஓட்டை விடச் சொல்றியா? போய்யா, வேலையைப் பாரு!" என்று அதிகாரி விரட்டினார்.

ஞானஸ்நானத்தன்று பாதிரியார் "இருபத்தொன்..." என்றதுமே குழந்தையின் உதடு கறுத்தது.

"முப்பதுன்னு சொல்லுங்க சாமி! உங்க காலைப் பிடிக்கிறேன்!" என்று வால்புர்கா அலறினாள்.

பாதிரியார் அவசரமாக, "முப்பதாம் லுடோல்ஃப்," என்றார். குழந்தை வீறிட்டு அழுதது. அப்பாடா! அதிகாரி பல்லைக் கடித்தாலும் சொன்னது சொன்னதுதான்.

அன்றே குன்ட்ஸ் முப்பதை வெட்டப் போனான். வால்புர்காவும் கூடவே வந்தாள். இருபத்தொன்பதாம் மாடத்தை யாரோ கல் வைத்து மூடியிருந்தார்கள். அவன் மூடவில்லை. அவள் கல்லில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ சிணுங்கியது, அவள் ரவிக்கை பாலில் நனைந்தது.

"வாடி, போயிடலாம். அரண்மனையில புள்ள பசியில அழுவான்," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான் குன்ட்ஸ்.

அவள் கையை உதறிவிட்டு, கல்லோடு ஒட்டி உட்கார்ந்து, மார்பைத் திறந்தாள்.

"அழட்டும். மூத்தவன் இருக்கறப்ப இளையவனுக்கா முதல்ல?"