முதல் பரிசு ரைஸ் குக்கர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் கொழும்பு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களை உற்சாகப்படுத்த உதவி மேனேஜர் சின்னத் தொரை இன்று போட்டி வைத்தார். அதிகக் கொழுந்து பறிப்பவருக்கு ரைஸ் குக்கர்.

மாலையில் கணக்கப்பிள்ளையான நான்தான் கொழுந்தை எடை போட்டேன். முதலிடம் மாரியாயி. காய்ச்சலில் கிடந்து நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பியவர்.

"இவங்களப் பாத்துக் கத்துக்கங்க" என்றார் தொரை.

பெண்கள் சிரிக்காமல் கைதட்டினார்கள்.

அவர் போனதும் லெட்சுமியக்காவிடம் விசாரித்தேன்.

"நாங்கதான் ஆளுக்குக் கொஞ்சம் அவ கூடையில போட்டோங்க ஐயா. காய்ச்சலோட வெறகு தேடி அலையுறா. எங்க வீட்லயெல்லாம் குக்கர் இருக்குல்ல."

நாளைய பரிசு கம்பளியாம். யார் ஜெயிப்பது என்று பெண்கள் இப்போதே முடிவுசெய்துவிட்டார்கள்.

தொரைக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து யாரும் அவரை இங்கே டேக் பண்ணிவிடாதீர்கள்.